இரண்டு அரசுகளும் ஒரு தொழிலாளியும்

அயல்நாட்டுக் கொள்கை என்பது மந்திரிகளும் தூதர்களும் நெடிய மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி முடிக்கும் காரியமென்றும், பால்மரத்தடியில் நிற்பவனுக்கு அதில் யாதொரு தொடர்புமில்லையென்றும் நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய நாம் ஜெனிவாவுக்கும் நியூயார்க்குக்கும் செல்ல வேண்டுவதில்லை. கிரியான் ஆற்றங்கரையிலுள்ள நமது நிபோங் திபாலின் வரலாறே அதற்குப் போதிய சான்றாகும்.

1800ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற நிலப்பகுதிக்கு வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயரிட்டனர். அதன் தென்கோடியே நமது வட்டாரம். இங்கே முதலில் சீனரும், 1840களுக்குப் பின் ஐரோப்பியரும் கரும்புத் தோட்டங்களைத் திறந்தனர். கரும்பு வெட்டவும் ஆலையில் உழைக்கவும் நாகப்பட்டினத்துறையிலிருந்து தமிழர் கப்பலேற்றப்பட்டனர். அக்காலத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் கல்கத்தாவிலிருந்த இந்திய சர்க்காரின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆகவே, தஞ்சைச் சீமையிலிருந்து இங்கு வந்தவன் ஓர் அரசின் எல்லைக்குள்ளேயே இடம் மாறியவன். அவனைக் காக்கும் பொறுப்பும் அவ்வரசினுடையதே. அப்பொறுப்பு எவ்வளவு செவ்வையாக நிறைவேறியது என்பது வேறு கதை.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்நிலை மாறிற்று. சிங்கப்பூர் வர்த்தகர்களின் நெடுநாள் கிளர்ச்சிக்கு இணங்கி, இம்மூன்று குடியிருப்புகளையும் இந்திய சர்க்காரிடமிருந்து பிரித்து, லண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு மந்திரியின் பொறுப்பில் வைத்தனர். கரும்புத் தோட்டத்துத் தமிழனை இதுபற்றி எவரும் வினவவில்லை. ஆயினும் அன்று முதல் அவன் அயல்நாட்டில் வாழ்பவனானான். இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டமோ, குறிப்பிட்ட சில நாடுகளுக்கன்றி வேறெங்கும் கூலியாட்களை அனுப்புதல் குற்றமென்றது. சில ஆண்டுகள் இதனை எவரும் கவனியாதிருந்தனர். பின்னர், ஆள்கடத்தற் கொடுமைகள் தஞ்சை அதிகாரிகளின் காதுக்கு எட்டவே, 1870ஆம் ஆண்டளவில் கப்பல்கள் தடுக்கப்பட்டன. வெல்லெஸ்லி மாகாணத் தோட்ட முதலாளிகள் கூக்குரலிட்டனர். இரண்டு அரசுகளுக்கிடையே கடிதங்கள் பறந்தன. முடிவில், 1872ஆம் ஆண்டில் தனிச் சட்டமியற்றி இந்தக் கடலுக்கு மட்டும் விலக்களித்தனர். தொழிலாளியின் பாதுகாப்பைப் பற்றிய முறையான சட்டம் இங்கே 1876இல்தான் பிறந்தது. கரும்பு காத்திருக்கக் கூடாது. கூலியாள் காத்திருக்கலாம் போலும்!

அப்பாதுகாப்புதானும் யாது? வாங்கிய முன்பணத்துக்காகக் கைநாட்டிட்ட சஞ்சிக்கூலி, தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை புகவேண்டும். முதலாளியும் தொழிலாளியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒருவன் மீறினால் அது கடன் வழக்கு. மற்றவன் மீறினால் அது குற்ற வழக்கு! 1890இல் ஒரு விசாரணைக் கமிஷனும் அமைந்தது. சஞ்சி முறையோ மேலும் இருபது ஆண்டுகள் உயிரோடிருந்தது.

இந்திய சர்க்கார் தன் மக்களுக்காக ஏன் உரத்துப் பேசவில்லை? விடை எளிது. அந்த சர்க்காரே தன் மக்களுக்குப் பொறுப்புடையதாக இருக்கவில்லை. தன் வீட்டில் வாயில்லாதவனுக்கு அடுத்த வீட்டில் வழக்குரைப்பார் யார்? இவ்வுண்மையை அடுத்து வந்த நிகழ்ச்சிகள் மெய்ப்பிக்கின்றன.

1909ஆம் ஆண்டு மின்டோ-மார்லி சீர்திருத்தம் மிகச் சிறியதே. ஆயினும் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவரும் உரிமையை அது அளித்தது. மறு ஆண்டிலேயே கோபாலகிருஷ்ண கோகலே அவ்வுரிமையைக் கையிலெடுத்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதலைத் தடுக்க வேண்டுமென அவர் கொணர்ந்த தீர்மானம் ஏற்கப்பட்டது. எல்லா நாடுகளுக்கும் அம்முறையை ஒழிக்கவேண்டுமென 1912இல் அவர் கேட்டபோது, அதிகாரிகளின் வாக்குப் பலத்தால் அது தோற்றது. மலாயாவில் சஞ்சி முறை 1910ஆம் ஆண்டில் முடிந்தது. அதில் முதலாளிகளின் கணக்கும் கலந்திருந்தது. கரும்பு போய் ரப்பர் வந்துகொண்டிருந்தது; 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் செலவில் கங்காணிகள் வேண்டிய ஆட்களைக் கொணர்ந்தனர்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் இந்தியச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையினராயினர். அதன் கனி 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். இனி இரு சபைகளின் ஒப்புதலின்றி எந்நாட்டுக்கும் உடலுழைப்பாளரை அனுப்பலாகாது. அவர்கள் வாழும் நாட்டில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவரை அமர்த்தலாம் என்று அச்சட்டம் விதித்தது. அங்ஙனமே கோலாலம்பூரில் ஏஜெண்டு அமர்ந்தார். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, லயங்களையும் கூலிக் கணக்கையும் ஆராய்ந்து, அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்.

இவ்வதிகாரத்தின் வலிமை 1938இல் விளங்கிற்று. பொருளாதார மந்தத்தின்போது வீழ்ந்த கூலி, சீனிவாச சாஸ்திரியாரின் விசாரணைக்குப் பின் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசாக உயர்ந்திருந்தது. ரப்பர் விலை தளர்ந்ததும், மே மாதம் முதல் அதனை 45 காசாக்கினர். ஐந்து காசுதானே என்று கிராணிகளாகிய நமக்குத் தோன்றலாம். செக்ரோலில் ஒரு வரியை அடித்து மற்றொன்றை எழுதினால் முடிந்தது. தொழிலாளியின் அடுப்படியில் அது அரிசியின் அளவு. அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள், உதவிபெற்று மலாயா செல்லும் குடிபெயர்வை இந்திய சர்க்கார் அடியோடு நிறுத்திற்று. பத்திரத்தில் ஒரு கையெழுத்து கங்காணி முறையின் வேரை அறுத்தது!

ஆயினும் அயலரசின் காவல் எல்லையற்றதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தலைவராயிருந்த ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, உயிர்கள் மாண்டன. இந்தியக் குடியாயிருத்தல் அவரைக் காக்கவில்லை. கப்பலேற்றி அனுப்புவதற்கே அது வழியாயிற்று. ஜப்பானியர் ஆட்சியிலோ ஏஜெண்டும் இல்லை, சட்டமும் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர்; திரும்பாதவர் தொகை பெரிது.

1947இல் இந்தியாவும், 1957இல் மலாயாவும் விடுதலை பெற்றன. அதன்பின் கேள்வியே மாறிவிட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே முதிர்ந்தும், குடியுரிமைப் பத்திரத்தைப் பெறாதிருந்தோர் தோட்டங்களில் மிகப் பலர். எழுத்தறியாமை ஒரு காரணம். ‘ஊர் நமக்கு உண்டு’ என்னும் நினைப்பு மற்றொன்று. 1969இல் வேலை அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தபோது, பிறந்த தோட்டத்திலேயே அவர்கள் அந்நியராய் நின்றனர். பல்லாயிரவர் தாம் கண்டறியாத ‘தாய்நாட்டுக்கு’க் கப்பலேறினர். 1867இல் அவர்களைக் கேளாமலே கோடு மாற்றப்பட்டது. நூறாண்டு கழிந்தபின்னும் அக்கோட்டின் எப்பக்கத்தில் தாம் நிற்கின்றோமென அவர்கள் அறியாதிருந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஓர் அரசு வெளியுலகில் எளியவனுக்காகப் பேசும் குரல், அந்த எளியவனுக்கு உள்நாட்டில் உள்ள வாக்கின் அளவினதே. கோகலேயின் தீர்மானம் முதல் 1938ஆம் ஆண்டுத் தடை வரை ஒவ்வொரு படியும், இந்தியாவில் மக்கள் பெற்ற உரிமையைத் தொடர்ந்தே நிகழ்ந்தது. இன்று இந்நாட்டின் குடிகளாகிய நமக்கு ஏஜெண்டு வரப்போவதில்லை. பிறப்புப் பத்திரமும், அடையாள அட்டையும், வாக்காளர் பட்டியலில் உள்ள பெயருமே நமது ஏஜெண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாதவர் நம்மிடையே இன்றும் உளர். அவரது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் அளவுக்கு எழுத்தறிந்த ஒவ்வொருவரும் அதனைத் தம் கடமையாகக் கொள்வாராக.