லாபம் வந்த வழி

நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறைகளும் மருத்துவமனைகளுக்குக் கருவிகளும் இதனால் கிடைத்துள்ளன. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆயினும், லாபம் எப்படிச் செலவிடப்பட்டது என்பதை மட்டுமே இப்பிரிவு கேட்கிறது. எப்படி ஈட்டப்பட்டது என்பதைக் கேட்பதில்லை. வழக்கமான தொழில் நடவடிக்கைக்கான செலவு இக்கணக்கில் சேராது என்பது விதி. சொந்தத் தொழிலுக்குச் செய்யும் செலவைத் தர்மக் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்ற அதன் நோக்கம் நியாயமானதே. ஆனால், பல நிறுவனங்களில் சமூகப் பொறுப்பு என்பது ஒரு தனிக் குழுவின் வேலையாக ஒதுங்கிவிட்டது. கொள்முதலையும் உற்பத்தியையும் தீர்மானிப்பவர்களுக்கு அதனோடு தொடர்பே இருப்பதில்லை.

வகுப்பறையில் 'புறவிளைவு' என்ற கருத்தை விளக்கும்போது, பொருளியலறிஞர் பிகு 1920-இல் எழுதிய நூலோடு நொய்யல் ஆற்றையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம். வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றிக் காவிரியில் கலக்கும் அந்த ஆற்றில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. பின்னலாடையின் விலையில் சேராத செலவைக் கீழ்ப்பகுதி விவசாயிகள் தங்கள் கிணறுகளின் உப்பு நீராகச் சுமந்தார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. கழிவை ஆற்றில் விட்டவர்களோடு, அதில் எந்தப் பங்கும் இல்லாத தொழிலாளர்களும் வருவாய் இழந்தனர்.

அதன் பிறகே, கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. மின்சாரச் செலவு அதிகம். இரவில் கழிவைத் திறந்துவிடுவோர் பற்றிய புகார்களும் ஓயவில்லை. ஆனால், ஆற்றின் மீது ஏற்றப்பட்ட செலவு இன்று உற்பத்திக் கணக்குக்குள் வந்துவிட்டது. நிலைத்த தன்மையை வணிக உத்தியில் இணைப்பது என்று நான் கருதுவது இதைத்தான். இந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை சிறு, நடுத்தரத் தொழில்கள். 135-ஆவது பிரிவுக்கும் இம்மாற்றத்துக்கும் தொடர்பில்லை.

லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று 1970-இல் வாதிட்ட மில்டன் ஃபிரீட்மன்கூட, விதிகளுக்கு உட்பட்டு என்றுதான் சொன்னார். மூடிய பட்டறைக்கு எங்கிருந்து லாபம்?

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் பொறுப்பு, நிலைத்த தன்மை குறித்த அறிக்கையை வெளியிடுவதை 2022-23 நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கியுள்ளது. பங்கு வாங்குவோர், அறக்கொடைப் புகைப்படங்களைத் தாண்டி, அதில் தண்ணீர் பற்றிய பகுதியைப் புரட்டிப் பார்க்கலாம். எவ்வளவு எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள், எவ்வளவு நுகர்ந்தார்கள் என்பதெல்லாம் அங்கே எண்களாகவே இருக்கும்.