மணியோசையும் மதிற்சுவரும்

கோவை நகரம் நெடுங்காலம் காதால் கேட்டே பொழுதறிந்து வந்தது. பேரூரில் கோயில் மணி. பெரிய கடைவீதியிலே புனித மைக்கேல் பேராலயத்தின் இரட்டைக் கோபுரத்து மணி. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையை நிறுவிய பின்னர், ஆலையின் ஊதலும் அவற்றோடு சேர்ந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, ஊதலும் பெருகிற்று. அந்த எந்திர ஒலிக்கு மக்கள் இட்ட பெயர் என்ன? சங்கு! பழைய இசைக்கருவியின் பெயரைப் புதிய பொறிக்குச் சூட்டி மகிழ்ந்தது மக்கள் மனம்.

மணியும் ஓர் இசைக்கருவியே. நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்து வார்த்த மணியில் ஓரடி விழுந்தால், பல சுரங்கள் ஒருங்கே எழும். அச்சுரங்களை ஒன்றோடொன்று இணங்கச் செய்யும் கலையில், 17-ஆம் நூற்றாண்டில், ஆலந்து நாட்டில் பணிபுரிந்த எமோனி உடன்பிறந்தார் தேர்ச்சி பெற்றனர். மணியின் உட்புறத்தைக் கடைந்து சுரம் திருத்தினர். கோபுரத்திலே வரிசையாகத் தொங்கும் மணிகளில் பாட்டே வாசிக்கும் முறை அதனால் செழித்தது.

அந்த முறையின் சாயல் பம்பாய்க்கும் வந்தது. 1878-இல் முடிந்த இராஜாபாய் கோபுரத்தின் மணிகள் 16 பாட்டுகளை இசைத்தன. ஆங்கிலேயரின் ஆட்சிப் பெருமை கூறும் பாட்டும் அவற்றுள் ஒன்று. பொருள் கொடுத்தவரோ பிரேம்சந்து ராய்சந்து என்னும் இந்நாட்டு வணிகர்! கோபுரம் நம் மண்ணில், செல்வம் நம்மவருடையது, பாட்டு மட்டும் ஆண்டவனுடையது.

மணி யார் கையில் இருக்கிறதோ, அவர் குரலே ஊரெங்கும் கேட்கும். இந்த உண்மையைப் பம்பாயில் மட்டுமா காண்கிறோம்? நம் கொங்கு நாட்டிலும் காண்கிறோம்.

இங்குள்ள மணி பாட்டு இசைப்பதில்லை. பொழுது காட்டும், தாளம் தரும். காரமடை மாசித் திருவிழாவில் தாசர்கள் சேமக்கலம் தட்டிச் சங்கு ஊதி வருகின்றனர். காங்கேயம் காளையின் கழுத்திலும் மணி தவழ்ந்தது. விழாவுக்கும் சாவுக்கும் பறை முழங்கிற்று. ஆனால், பறையடித்தவரை எங்கே நிறுத்தினோம்? ஊர்ப்புறத்தே!

கோயில் மணியின் ஓசை மதிலைத் தாண்டிச் சேரிக்கும் சென்றது. கேட்ட காதுக்குத் தீட்டில்லை. கேட்டு நடந்து வந்த காலுக்கு மட்டும் தீட்டாம்! ஓசைக்கு இருந்த உரிமை மனிதனுக்கு இல்லை. சென்னை மாகாணத்தில் 1939-இல் ஒரு சட்டமும், 1947-இல் கோயில் நுழைவுச் சட்டமும் வந்த பின்னரே கதவு சட்டப்படி திறந்தது. சுவரைத் தாண்ட ஓசைக்கு ஒரு நொடி போதும். மனிதனுக்கோ எத்தனை நூற்றாண்டு!

இன்று வேறொரு மாற்றம் வந்திருக்கிறது. கோயில்கள் பலவற்றில் மின்மோட்டார் ஒன்று சுழல்கிறது. முரசும் மணியும் சேகண்டியும் தாமே முழங்குகின்றன. 1937-இல் இந்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கிக் காட்டிய ஊர் கோவை. ஆகவே, மோட்டாரை நாம் பழிக்க மாட்டோம். அதற்குச் சாதி தெரியாது, தீட்டுத் தெரியாது. ஆயினும், அடியின் வேறுபாடும் அதற்குத் தெரியாது. விழாவுக்கு ஓர் அடி, துயருக்கு ஓர் அடி என்று பிரித்தறிந்தது மனிதனின் கை. அந்தக் கையை நேற்று இழிவென்றோம். இன்று தேவையில்லை என்கிறோம். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வீணையும் வயலினும் பயிலும் மாணவருக்குச் சேமக்கலத்தின் தாளமும் பறையின் அடியும் பாடமாகட்டும். வழிவழியாக அவற்றை அறிந்தவர் ஆசிரியராக அமரட்டும். அவருக்கு ஊதியமும் நாற்காலியும் கிடைக்கட்டும். பரம்பரை என்பதற்காக ஒருவர் மீது சுமத்தாமல், விரும்பும் எவரும் கற்கும் கலையாக அது மாறட்டும்.

ஓசை என்றோ மதிலைக் கடந்துவிட்டது. அதை எழுப்பிய மனிதனும் கடந்து வரட்டும், தலை நிமிர்ந்து!