தலையில்லாத தேவதைகளுக்கு முகம் கொடுத்தவர்

கேமரா வந்த புதிதில் படம் எடுக்க ரொம்ப வசதியான மாடல் யார் தெரியுமா? சிலைகள்தான்! கண் சிமிட்டாது, தும்மாது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்காது. 1850களில் ரோஜர் ஃபென்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சிலைகளைப் படமெடுத்தபோது அவருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஆமாம், பெயரே அப்படித்தான்) இதைத் தலைகீழாகச் செய்தார். உயிருள்ள பெண்களைச் சிலை மாதிரி அசையாமல் இருக்கவைத்தார்.

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கேமராவோடு ஆரம்பித்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் வீடு. கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆனது. கோழிக்கூண்டு ஸ்டுடியோ ஆனது. கோழிகளுக்கு விடுதலை!

ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலிலிருந்து எல்கின் பிரபு பெயர்த்தெடுத்துப் போன சிற்பங்களை 1816-ல் பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கி மியூசியத்தில் வைத்தது. அதில் கிழக்கு முகப்பைச் சேர்ந்த இரண்டு தேவதைகள் உண்டு. ஒருத்தி இன்னொருத்தியின் மேல் ஒயிலாகச் சாய்ந்திருக்கிறாள். மெல்லிய துணி உடம்போடு ஒட்டி மடிப்பு மடிப்பாக வழிகிறது. இரண்டு பேருக்கும் தலை இல்லை.

1867-ல் கேமரன் இரண்டு பெண்களுக்கு அதேபோலத் துணி சுற்றி, அதேபோலச் சாய்ந்து உட்காரவைத்துப் படமெடுத்தார். 'எல்கின் சிற்பங்கள் தரும் பாடங்கள்' என்று தலைப்பு. கல்லில் இல்லாமல் போன முகங்கள் படத்தில் வந்துவிட்டன. யாருடைய முகங்கள்? கேமரன் படங்களில் தேவதையாகவும் கன்னி மேரியாகவும் வருபவர்களில் பலர் அவர் வீட்டுப் பணிப்பெண்கள்தான். மேரி ஹில்லியர் அவர்களில் பிரபலமானவர். மியூசியம் சிற்பத்தைவிட எனக்கு இந்தப் படம் பிடிக்க இதுதான் காரணம்.

எடுப்பது சுலபமில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். மாடல்கள் சில நிமிடம் ஆடாமல் இருக்க வேண்டும். மனுஷிதானே, மூச்சு விடாமல் முடியுமா? அதனால் படங்கள் லேசாகக் கலங்கியிருக்கும். "ஃபோகஸ் தெரியாதவர்" என்று அன்றைய போட்டோகிராபி பத்திரிகைகள் கிண்டலடித்தன. எனக்கென்னவோ அந்தக் கலங்கல்தான் கல்லுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் என்று தோன்றுகிறது.

1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போனார். அங்கே களுத்துறை விவசாயிகளையும் இதேபோல நிற்கவைத்துப் படமெடுத்தார். 1879-ல் அங்கேயே இறந்தார். கல்லறை மலையகத்தில், பொகவந்தலாவையில் இருக்கிறது.