நியமனமும் நம்பிக்கையும்: இந்திய மாநிலங்களில் ஆளுநர், முதலமைச்சர் பதவிகளின் வரலாறு

ஓர் அரசின் நிறைவேற்றதிகாரம் எவர் பெயரில் இயங்குகின்றது என்பதும் எவர் கையில் இயங்குகின்றது என்பதும் வெவ்வேறு வினாக்களாகும். இந்திய மாநிலங்களின் அரசியல் வரலாற்றை இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியின் வரலாறு எனக் கொள்ளலாம். 1950 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் யாப்பின் 154 ஆம் உறுப்புரை மாநிலத்தின் நிறைவேற்றதிகாரத்தை ஆளுநரிடம் ஒப்படைக்கின்றது. 155, 156 ஆம் உறுப்புரைகளின்படி ஆளுநர் சனாதிபதியால் நியமிக்கப்பட்டு, அவர் விரும்பும் வரையே பதவி வகிப்பார். ஆனால் 163 ஆம் உறுப்புரை, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்கின்றது. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார். ஏனைய அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிப்பார். அமைச்சரவை கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்புடையது என 164 ஆம் உறுப்புரை கூறுகின்றது. எவரை முதலமைச்சராக நியமித்தல் வேண்டும் என்பதை மட்டும் யாப்பு சொல்லவில்லை. இந்த மௌனமே பின்னாளில் எழுந்த பல நெருக்கடிகளுக்கு ஊற்றுக்கண்ணாயிற்று.

இம்மௌனத்தின் வேர்கள் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்ளன. 1919 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நிறுவியது. நிதி, பொலிசு, நிலவரி முதலியன ஆளுநரின் கையிலேயே இருக்க, கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளூராட்சி ஆகியன சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் விடப்பட்டன. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியை நீக்கி மாகாண சுயாட்சியை வழங்கியபோதும், ஆளுநருக்கு விசேட பொறுப்புகளையும் தற்றுணிபு அதிகாரங்களையும் விட்டுவைத்தது. 1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை உட்பட பல மாகாணங்களில் பெரும்பான்மை பெற்ற காங்கிரஸ், அவ்வதிகாரங்கள் அன்றாட ஆட்சியிற் குறுக்கிடா என்னும் உறுதிமொழி கிடைக்கும்வரை பதவியேற்க மறுத்தது. அவ்விடைவேளையில் சென்னையிலே பெரும்பான்மையற்ற கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரிசபை அமைக்கப்பட்டது. யூலையிலேயே இராசகோபாலாச்சாரியார் பதவியேற்றார். நியமனம் ஆளுநருடையது, நம்பிக்கை சட்டசபையுடையது என்னும் பிளவு அன்றே வெளிப்பட்டுவிட்டது.

சுதந்திர இந்தியாவின் யாப்பை ஆக்கியோர் இப்பிளவை அறியாதவரல்லர். 1947 இல் அரசியல் நிர்ணய சபை, ஆளுநர் வயதுவந்தோர் வாக்குரிமையின் மூலம் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்பட வேண்டும் என்றே முதலில் தீர்மானித்தது. ஆனால் 1949 மே மாதத்தில் அத்தீர்மானம் கைவிடப்பட்டு, நியமன முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மக்களால் தெரிவான ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளின் நம்பிக்கை பெற்ற முதலமைச்சரும் ஒரே மாநிலத்தில் இரு அதிகார மையங்களாகி மோதுவர் என்பது ஒரு காரணம். பிரிவினையின் அனுபவத்திற்குப் பின் மாகாண உணர்வு தனித்துச் செல்லாதிருக்க வேண்டும் என்ற கருத்து மற்றொரு காரணம். மத்தியிலும் மாநிலத்திலும் வெவ்வேறு கட்சிகள் ஆளும் நிலை தோன்றின், மத்தியின் நியமனம் பெற்றவர் எப்பக்கம் நிற்பார் என்ற வினாவும் அவ்விவாதத்திலேயே எழுந்தது. காங்கிரஸ் எங்கும் ஓங்கியிருந்த அக்காலத்தில் அவ்வினா அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை.

முதற் பொதுத்தேர்தலே அதனை மீண்டும் எழுப்பியது. 1952 இல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. பிரகாசம் தலைமையில் ஒன்றிணைந்த எதிர்க்கட்சிகள் தமக்கே கூடிய ஆதரவு உண்டென உரிமை கோரின. எனினும் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா, தேர்தலிற் போட்டியிடாத இராசகோபாலாச்சாரியாரை ஆட்சியமைக்க அழைத்தார். அவர் நியமன உறுப்பினராக மேற்சபையில் இடம்பெற்றார். இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலே தள்ளுபடியாயிற்று. புதிய முதலமைச்சர் அவ்வாண்டு யூலையிற் சட்டசபையின் நம்பிக்கையைப் பெற்றார் என்பது உண்மையே. ஆயினும், ஆட்சியமைக்க முதலில் அழைக்கப்படுவதே பெரும்பான்மையைத் திரட்டும் வலிமையைத் தருகின்றது என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று.

1967 இன் பின் பல மாநிலங்களிற் காங்கிரஸ் அல்லாத அரசுகள் தோன்றியதும் முரண்பாடு கூர்மையடைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மேற்கு வங்க ஆளுநர் தர்மவீரா, அஜோய் முகர்ஜியின் ஐக்கிய முன்னணி அமைச்சரவையைச் சட்டசபை கூடுமுன்னரே நீக்கினார். 1984 ஓகஸ்டில் ஆந்திரப் பிரதேசத்தில் ஆளுநர் ராம் லால், என். டி. ராமராவ் இரு நாட்களிற் பெரும்பான்மையை நிரூபிக்க முன்வந்தும் அதனை ஏற்காது அவரை நீக்கி, பாஸ்கர ராவை நியமித்து அவருக்கு ஒரு மாத அவகாசம் வழங்கினார். ராமராவ் தம் ஆதரவாளர்களான உறுப்பினர்களைப் புதுடில்லிக்கு அழைத்துச் சென்று சனாதிபதியின் முன்னிலையில் நிறுத்தினார். ஆளுநர் மாற்றப்பட்டார்; செப்ரெம்பரில் ராமராவ் மீண்டும் முதலமைச்சரானார். ஆளுநர் மாளிகையிற் கூறப்பட்ட எண்ணிக்கை சட்டசபையில் நிலைக்கவில்லை.

இவ்வனுபவங்களின் பின்னரே நெறிமுறைகள் உருவாயின. 1983 இல் நியமிக்கப்பட்ட சர்க்காரியா ஆணைக்குழு, ஆளுநர் வெளிமாநிலத்தவராகவும் தீவிர கட்சி அரசியலினின்றும் விலகியவராகவும் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அறுதிப் பெரும்பான்மை எக்கட்சிக்கும் இல்லாதவிடத்து, தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணி, பிறர் ஆதரவுடன் உரிமை கோரும் மிகப் பெரிய தனிக்கட்சி, தேர்தலின் பின் அமைந்த கூட்டணி என ஒரு வரிசையையும் வகுத்தது. 1994 ஆம் ஆண்டு பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டசபையே, ஆளுநரின் தனிப்பட்ட அபிப்பிராயமன்று எனத் தீர்ப்பளித்தது. இதன் பயனை 2018 ஆம் ஆண்டுக் கருநாடகத்திற் காணலாம். வாக்கெடுப்பு நடந்த 222 இடங்களுள் 104 ஐப் பெற்ற கட்சியின் தலைவர் எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் அவகாசம் வழங்கினார். நீதிமன்றம் மறுநாளே சபையில் வாக்கெடுப்பு நடத்தப் பணித்தது. வாக்கெடுப்பிற்கு முன்னரே அவர் பதவி துறந்தார்.

இவ்வமைப்பின் சாயல் ஈழத்திற்கும் வந்தது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்கள்தோறும் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரையும், சபையின் பெரும்பான்மை ஆதரவு பெற்ற முதலமைச்சரையும் ஏற்படுத்தியது. சபையின் அரைவாசிக்கு மேற்பட்ட உறுப்பினர் ஒரே கட்சியினராயின் அக்கட்சித் தலைவரையே நியமித்தல் வேண்டும் எனவும் எழுதியது. இந்திய யாப்பு மௌனம் சாதித்த இடத்தில் இலங்கை யாப்பு பேசியது. எனினும் 2014 இன் பின் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட, 2019 அளவில் எல்லாச் சபைகளின் காலமும் முடிவுற்று, நிருவாகம் ஆளுநர்களின் கையிற் சேர்ந்தது. முதலமைச்சரை நியமிக்கும் விதி எத்துணைத் தெளிவாயினும், சபையே இல்லாதவிடத்து அவ்விதி பயனற்றதாகும்.

ஆளுநர் பதவி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று இவ்வரலாறு எழுப்பும் வினா. நியமிக்கப்பட்டவரின் கையொப்பம் தெரிவு செய்யப்பட்டோரின் வாக்கைப் பதிவு செய்வதா, அன்றி அதற்கு முந்திக்கொள்வதா என்பதே அது. சபை கூடி எண்ணிப் பார்க்கும் நாள் தள்ளிப்போகுந்தோறும் கையொப்பம் வாக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.