தக்காளிக்கு அடித்த மருந்து காட்டுத் தேனீக்குள் போவது எப்படி? கோலாரை வைத்து ஒரு விளக்கம்

கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி வரும் முக்கியமான இடங்களில் ஒன்று கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். அந்தச் செடி பூக்கும்போது அங்கே வேலை பார்ப்பது நீங்கள் நினைக்கிற தேனீ இல்லை.

தக்காளிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் குழாய் மாதிரியான பைக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான், உப்பு டப்பாவைத் தட்டினது போலக் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ, தச்சுத் தேனீ போன்ற காட்டுத் தேனீக்களுக்குத் தெரியும். காற்று ஆட்டினாலும் தக்காளி காய்க்கும்தான். ஆனால் இந்தத் தேனீக்கள் வந்துபோனால் காய் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது மருந்துக்கு வருவோம். வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தத் தக்காளிக்கு அடிப்பவற்றில் ஒன்று இமிடாகுளோபிரிட். நியோனிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. இலை மேலேயே நின்றுவிடாமல், செடியின் சாற்றில் கலந்து மகரந்தம் வரைக்கும் போய்விடும். நீலப்பட்டைத் தேனீக்குக் கூட்டம், ராணி எதுவும் இல்லை. தாய் தனியாளாக மண்ணில் துளை போட்டு, மகரந்தத்தைச் சேர்த்து வைத்து முட்டையிடும். அந்த மகரந்தத்தில் மருந்து இருந்தால், குஞ்சின் முதல் சாப்பாடே அதுதான்.

சரி, வயலைவிட்டுத் தள்ளி வாழும் தேனீ தப்பிக்குமா? அதே மாவட்டத்தில்தான் கேஜிஎஃப் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சயனைடு மேடுகளைச் சுற்றி உழாத நிலமும் புதரும் கிடக்கின்றன. அங்கே யாரும் பயிருக்கு மருந்து அடிப்பதில்லை. மண்ணில் கூடு கட்டும் தேனீக்குப் பாதுகாப்பான இடம் என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவின் கொலராடோவில் கோதுமை வயல், புல்வெளி இரண்டிலும் காட்டுத் தேனீக்களைப் பிடித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. 54 மாதிரிகளில் 70 சதவீதத்தில் ஒரு பூச்சிக்கொல்லியாவது இருந்தது. தயாமெத்தாக்சம் மட்டும் 46 சதவீதத்தில். புல்வெளித் தேனீக்களும் தப்பவில்லை. (ஒரு மாதிரி என்பது பல தேனீக்களைச் சேர்த்து அரைத்தது. அதனால் ‘70 சதவீதத் தேனீக்களில் மருந்து’ என்று ஃபார்வர்டு வந்தால் நம்பாதீர்கள்.) வரப்பு நமக்குத்தான், பூ எங்கே இருக்கிறதோ அங்கே தேனீ போகும். காற்றில் மருந்தும் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமெத்தாக்சம் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தியாவில் அப்படித் தடை வரவில்லை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்திருக்கும் எச்ச வரம்பு, தட்டுக்கு வரும் தக்காளிக்கானது. மருந்து டப்பாவில் போட்டிருக்கும் ‘அறுவடைக்கு முன் இத்தனை நாள்’ என்பதும் சாப்பிடுபவருக்கான கணக்கு. தேனீ வருவது அறுவடைக்கு வெகு முன்னாடி, பூவிலேயே.

கோலாரில் இன்னொரு பூச்சியும் இருக்கிறது: பட்டுப்புழு. பக்கத்துத் தோட்டத்து மருந்து மல்பெரி இலையில் பட்டால் புழு செத்துவிடும். தட்டிலேயே செத்துக் கிடப்பதால் விவசாயிக்கு உடனே தெரியும், நஷ்டமும் தெரியும். அதனாலேயே மல்பெரி வளர்ப்பவர்கள் மருந்து விஷயத்தில் உஷார். தனியாகப் பறந்துபோன நீலப்பட்டைத் தேனீ மாலையில் கூட்டுக்குத் திரும்பவில்லை என்றால், எண்ணிப் பார்க்க யாரும் இல்லை.