போடி ஏலக்காயும் மெதுவான கம்ப்யூட்டரும்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு இங்கு மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து விலை கேட்கத் தொடங்கினார்கள்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஏலக்காய் வியாபாரி முதல் கம்பம் கடைக்காரர் வரை கணக்கு தாக்கல் செய்வது இணையதளத்தில்தான் என்றாகி விட்டது. கடைசி நாளில் பக்கம் திறக்காமல் சுற்றிக் கொண்டே இருந்தால்? தாமதக் கட்டணம்! வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய்.

உடனே எல்லோரும் சொல்வது, "சர்வர் பிஸி" அல்லது "நெட் ஸ்லோ". அதில் உண்மையும் உண்டு. நெரிசலைக் குறைக்கவே 2020 ஜனவரியில் 3பி படிவத்தின் கடைசி நாள் 20, 22, 24 என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அப்போது ஆண்டு விற்பனை 5 கோடிக்குக் கீழ் இருந்த தமிழக வணிகர்களுக்கு 22-ந் தேதி என்று இருந்தது. ஆனால் நெரிசல் இல்லாத நாளிலும் பழைய கம்ப்யூட்டர் திணறுகிறதே, ஏன்?

வேலை இடம் மாறிய கதை:

ஆரம்ப கால இணையதளம் அச்சடித்த தாள் போன்றது. சர்வர் தயாரித்து அனுப்பும், உலவி (பிரௌசர்) காட்டும், அவ்வளவுதான். 2004-ல் வந்த ஜிமெயில் போன்றவை இதை மாற்றின. பக்கம் முழுவதையும் மீண்டும் வரவழைக்காமல், தேவையான தகவலை மட்டும் பெற்று ஜாவாஸ்கிரிப்ட் மூலம் திரையை மாற்றும் முறை அது. 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். வேகம் கிடைத்தது. ஆனால் செலவு யார் கணக்கில்? பயன்படுத்துபவரின் கம்ப்யூட்டர் கணக்கில்!

கருவிகள் வந்தன:

2006-ல் ஜோ ஹெவிட் ஃபயர்பாக்ஸ் உலவிக்காக ஃபயர்பக் என்ற கருவியை வெளியிட்டார். போடியில் மின்னணு ஏலம் வந்த அதே 2007-ல், யாஹூவில் இருந்த ஸ்டீவ் சவுடர்ஸ் ஒய்ஸ்லோ கருவியைக் கொடுத்தார். பயனாளர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம், சர்வர் முதல் பக்கத்தை அனுப்பிய பிறகே செலவாகிறது என்று அவர் காட்டினார். அதாவது சர்வரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2008-ல் வந்த கூகுள் குரோமில் இத்தகைய கருவி உள்ளேயே இருந்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

குரோமில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் வரவழைக்க வேண்டும்.

1. முதல் வரியிலேயே நீண்ட காத்திருப்பு என்றால் பெரும்பாலும் சர்வர்.
2. ஒவ்வொரு ஃபைலும் இறங்கவே நேரம் எடுத்தால் லைன். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் சோதிக்கலாம்.
3. எல்லாம் சீக்கிரம் வந்து விட்டது, திரை மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் கம்ப்யூட்டர்.

மூன்றாவது என்றால் டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். 4 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் டேலி, எக்செல், பத்து டேப் எல்லாம் சேர்ந்தால் ராம் நிரம்பி விடும். பிறகு விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்தும். அது பல மடங்கு மெதுவானது. தேவையற்றதை மூடுவது, ராம் கூட்டுவது, எஸ்.எஸ்.டி. போடுவது ஆகியவையே தீர்வு.

ஆகவே நெட் பிளானை உயர்த்தும் முன் எஃப்12 தட்டிப் பார்ப்பது நல்லது. அதையும் கடைசி நாள் இரவில் அல்ல, 15-ந் தேதியே!