காற்றும் பகையாகும்

சினை ஊசி போட்டே முப்பது ஆண்டுகளை ஓட்டிய கால்நடை மருத்துவன் நான். மூன்று ஊசிக்கும் சினை நிற்காத பசுவை அடிமாட்டுக்கு விற்றுவிட்டு ஓர் அம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பசுவின் சூலகத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருந்திருக்கும்!

அப்படி வீணாகும் முட்டைகளுக்கும் ஒரு வழி பிறந்தது. 1981-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உடலுக்கு வெளியே கருவூட்டப்பட்ட முதல் கன்று 'வர்ஜில்' பிறந்தது. சில ஆண்டுகளில், சூலகத்திலிருந்து எடுத்த முட்டையை ஒரு நாள் தட்டில் முதிர வைத்துக் கருவூட்டும் முறையில் ஜப்பானில் கன்றுகள் பிறந்தன. 1990-இல் நம் கர்னாலில் எருமைக்கன்று 'பிரதம்' பிறந்தது.

ஆனாலும் 100 முட்டையில் முப்பதோ நாற்பதோதான் தேறும். காரணங்களில் ஒன்று, நாம் சுவாசிக்கும் காற்று! அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். பசுவின் கருக்குழாயில் அதில் பாதிகூட இல்லை. மிகுந்த ஆக்சிஜன், இரும்பைத் துரு அரிப்பதுபோல முட்டையை அரிக்கிறது.

முட்டைக்குள் குளுடாதயோன் என்றொரு காவல்காரன் உண்டு. உள்ளே வந்த விந்தணுவின் தலையை விரிக்கவும் அது வேண்டும். 1995-இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் வளர்ப்புத் திரவத்தில் சிறிது சிஸ்டியமைன் சேர்த்தார்கள். குளுடாதயோன் கூடியது, வளர்ந்த கருக்களும் கூடின. அளவு மிஞ்சினால் இந்த மருந்தும் கெடுதல்தான்.

தாயின் வயிறு ஓசையின்றிச் செய்யும் காவலை, நாம் துளித்துளியாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவின் பசுவுக்குத்தான் அது எட்டவில்லை.